எண்களின் எல்லை தேடியவர்: சிவசங்கரநாராயண பிள்ளை

நுழையும்முன்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டிக்குக் கைப்பேசியிலேயே பயணச்சீட்டு எடுக்கும் காலம் இது. பணம் செலுத்துபவரின் மறைச்செய்தி பிறர் கண்ணில் படாமல் நொடிப்பொழுதில் சென்று சேர்கிறது. அச்செய்திக்குக் காவலாக நிற்பவை மிகப் பெரிய பகா எண்கள். இத்தகைய பயன் எதுவும் தோன்றாத காலத்தில், எண்களின் இயல்பை அறிவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார் தமிழர் ஒருவர். தாம் எழுப்பிய வினா தவறாகவே முடிந்தபோதும், அந்தத் தவறுக்கே தம் பெயரை நிலைக்கச் செய்த அவரது வாழ்வை அறிவோம்.

பகா எண் என்னும் புதிர்

1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1ஐவிடப் பெரிய எண்ணே பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என அவ்வரிசை நீளும். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதுபோல், பகா எண்கள் பெருகிப் பிற எண்கள் யாவும் உருவாகின்றன. 60 என்பது 2, 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கம். 703 என்பது 19, 37 ஆகியவற்றின் பெருக்கம். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிடு ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். ஆயினும், ஒரு பகா எண்ணுக்கு அடுத்த பகா எண் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் எளிய வாய்பாடு இன்றுவரை கிட்டவில்லை.

சிறிய எண் பகா எண்ணா என்பதைக் கையால் வகுத்துப் பார்த்தே கூறிவிடலாம். எண் பெரிதாகும்போது கையும் தாளும் போதா. எண்ணின் உள்ளியல்பை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வியல்பை ஊகித்த பேரறிஞரும் சறுக்கியதுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்னும் எண்களை ஆராய்ந்தார். ஒவ்வொன்றும் ஒரே முறையில் அமைந்தது. ஒவ்வொன்றும் பகா எண். அம்முறையில் அமையும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று அவர் நம்பினார். அடுத்து வரும் எண் 4294967297. 1732இல் ஆய்லர் என்னும் அறிஞர் அதனை 641, 6700417 ஆகிய இரு எண்களின் பெருக்கமாகப் பிரித்துக் காட்டினார். ஐந்து முறை மெய்யான விதி ஆறாம் முறை பொய்த்தது. பன்முறை மெய்யாவது வேறு. என்றும் மெய்யாவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே நிரூபணத்தின் வேலை. சிவசங்கரநாராயண பிள்ளையின் வாழ்வும் பணியும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கின்றன.

தாயற்ற பிள்ளையும் தாங்கிய ஆசிரியரும்

தென்காசிக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். பிறந்து ஓராண்டில் தாயை இழந்தார். தந்தையும் உறவினரான மூதாட்டி ஒருவரும் அவரை வளர்த்தனர். தொடக்கக் கல்விக்குப் பின் செங்கோட்டைப் பள்ளியில் சேர்ந்து பயின்றார்.

பள்ளிப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் தந்தையும் மறைந்தார். மேற்கொண்டு படிக்கப் பொருளில்லை. துணை நிற்க ஆளில்லை. அக்காலத்தில் அத்தகைய நிலையில் இருந்த மாணவர் பலருக்குக் கல்வி அத்தோடு முடிந்துபோகும். பிள்ளையின் திறனை அறிந்திருந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் அவ்வாறு முடிய விடவில்லை. தம் வருவாயிலிருந்து பொருளுதவி செய்து அவரைப் படிக்க வைத்தார். அவ்வாசிரியர் அன்று கை கொடுத்திராவிடில், எண்ணியல் வரலாற்றில் பிள்ளையின் பெயரே இடம்பெற்றிராது.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் உதவித்தொகை பெற்று இடைநிலை வகுப்பையும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இளங்கலைப் படிப்பையும் முடித்தார். பின்னர் ஆராய்ச்சி மாணவராகச் சென்னைப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் கே. ஆனந்த ராவ். இவர் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுசன் அங்கே இருந்த காலத்திலேயே அங்கிருந்தவர். இராமானுசன் 1920இல் மறைந்தபோது பிள்ளைக்கு வயது 19. அம்மேதையை நேரில் கற்கும் வாய்ப்பு பிள்ளைக்குக் கிட்டவில்லை. அவர் உலவிய ஆய்வுலகின் வாயில் ஆனந்த ராவ் வழியாகத் திறந்தது.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே பிள்ளை அங்கு விரிவுரையாளரானார். 1941 வரை அங்கேயே பணியாற்றினார். அவரது பெரும்புகழுக்குக் காரணமான ஆய்வுகள் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் விளைந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. என்னும் உயர் பட்டமும் அவரை வந்தடைந்தது.

ஒரு நூல் தந்த இரு விதைகள்

இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்டு வாரிங் என்னும் கணித அறிஞர் 1770இல் இயற்கணித நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் நிரூபணம் இல்லாமலே இரு செய்திகளை எழுதிச் சென்றார். அவ்விரண்டும் ஒன்றரை நூற்றாண்டு கடந்து பிள்ளையின் மேசைக்கு வந்தன.

முதல் செய்தி, வாரிங்கின் மாணவர் வில்சனின் பெயரால் வழங்கும் தேற்றம். 1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கிக் கிடைப்பது அவ்வெண்ணின் காரணீயப் பெருக்கம். 4! என்பது 1 × 2 × 3 × 4, அதாவது 24. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய எண்ணின் காரணீயப் பெருக்கத்தோடு 1ஐக் கூட்டினால், அந்தத் தொகை அப்பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 5ஐ எடுத்துக்கொண்டால் 4! + 1 = 25; இது 5ஆல் வகுபடும். 7ஐ எடுத்துக்கொண்டால் 6! + 1 = 721; இது 7ஆல் வகுபடும். பகு எண்ணாகிய 6ஐ எடுத்துக்கொண்டால் 5! + 1 = 121; இது 6ஆல் வகுபடாது. பகா எண்ணையும் பகு எண்ணையும் பிழையின்றிப் பிரித்துக் காட்டும் உரைகல் இது. ஆயினும் பெரிய எண்களுக்கு இவ்வுரைகல் பயன்படுவதில்லை. 23ஐச் சோதிக்கவே 22 இலக்கங்கள் கொண்ட எண்ணைக் கையாள வேண்டும். நூறு இலக்க எண்ணைச் சோதிக்க நேர்ந்தால் அப்பெருக்கத்தை எழுதி முடிக்க இயலாது.

இரண்டாம் செய்தி, எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூடுதலாகவோ, ஒன்பது கனங்களின் கூடுதலாகவோ, பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூடுதலாகவோ எழுதலாம் என்பது. இதற்கு மேல் வேண்டுவதில்லை. இதுவே வாரிங் சிக்கல் எனப் பெயர் பெற்றது.

ஏழு முறை மெய்யான விதி

வில்சன் தேற்றம் காட்டும் பகா எண்ணைத் தவிர வேறு பகா எண்களும் இத்தகைய தொகைகளை வகுப்பதுண்டு. அவை எத்தகைய எண்கள்? பின்வரும் வரிசை ஒரு விதியைக் காட்டுவதுபோல் தோன்றும்.

2! + 1 = 3. வகுக்கும் பகா எண் 3. அதில் ஒன்று குறைத்தால் 2. இது 2ஆல் வகுபடும்.
3! + 1 = 7. ஒன்று குறைத்தால் 6. இது 3ஆல் வகுபடும்.
4! + 1 = 25 = 5 × 5. ஒன்று குறைத்தால் 4. இது 4ஆல் வகுபடும்.
5! + 1 = 121 = 11 × 11. ஒன்று குறைத்தால் 10. இது 5ஆல் வகுபடும்.
6! + 1 = 721 = 7 × 103. ஒன்று குறைத்தால் 6, 102. இரண்டும் 6ஆல் வகுபடும்.
7! + 1 = 5041 = 71 × 71. ஒன்று குறைத்தால் 70. இது 7ஆல் வகுபடும்.

1! + 1 என்பது 2; அதற்கும் விதி பொருந்தும். ஆக, முதல் ஏழு எண்களுக்கும் விதி பிசகவில்லை. ஓர் எண்ணின் காரணீயப் பெருக்கத்தோடு 1ஐக் கூட்டிய தொகையை ஒரு பகா எண் வகுக்குமானால், அப்பகா எண்ணில் ஒன்று குறைத்துக் கிடைப்பது எப்போதும் முதலில் எடுத்துக்கொண்ட எண்ணால் வகுபடுமா? 1930ஆம் ஆண்டளவில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பிள்ளை இவ்வினாவை எழுப்பினார். இராமானுசனும் தம் இளமையில் வினாக்களை அனுப்பிய இதழ் அது. பிள்ளை அதனை விதி என அறிவிக்கவில்லை. மெய்தானா எனப் படிப்பவர் முன் வைத்தார்.

விடை, மெய்யன்று என்பதே. எட்டாம் எண்ணிலேயே விதி உடைகிறது. 8! + 1 = 40321 = 61 × 661. 61இல் ஒன்று குறைத்தால் 60. அது 8ஆல் வகுபடாது. விதியை மீறும் பகா எண்களுள் மிகச் சிறியது எது என்று தேடினால் 23 கிடைக்கிறது. 14! + 1 என்பது 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201. இப்பேரெண் 23ஆல் மீதியின்றி வகுபடும். ஆனால் 23இல் ஒன்று குறைத்துக் கிடைக்கும் 22, 14ஆல் வகுபடாது. 18! + 1 என்பதும் 23ஆல் வகுபடும். அங்கும் 22, 18ஆல் வகுபடாது.

தம் எண்ணம் பொய்த்தது எனத் தெரிந்தால் அதனை மறைப்பதும் மறப்பதும் உலக இயல்பு. கணிதத்தில் அவ்வாறு மறைக்க வேண்டுவதில்லை. இவ்விதியை மீறும் பகா எண்களே தனி ஆராய்ச்சிக்கு உரியனவாயின. 23, 29, 59, 61, 67, 71, 79, 83 எனத் தொடரும் அவ்வெண்களைப் பிற்கால அறிஞர்கள் பிள்ளை பகா எண்கள் என்றே அழைக்கலாயினர். இவ்வரிசைக்கு முடிவில்லை என்பதை எம். வி. சுப்பராவும் அவருடன் ஆய்ந்தவரும் எழுதி 2002இல் வெளிவந்த கட்டுரை நிறுவியது. நேர்மையாகக் கேட்கப்பட்ட வினா, தவறாக முடிந்தாலும் வீணாவதில்லை.

வாரிங் சிக்கலில் பெற்ற வெற்றி

வாரிங் எழுதிய இரண்டாம் செய்தியே பிள்ளையின் பெருஞ்சாதனைக்குக் களமாயிற்று. நான்கு வர்க்கங்கள் போதும் என்பதை லக்ராஞ்சு 1770இலேயே நிறுவினார். எந்த அடுக்கை எடுத்துக்கொண்டாலும் ஏதோ ஓர் எல்லை உண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் 1909இல் நிறுவினார். அந்த எல்லை எவ்வளவு என்பதை அவர் வழி சொல்லவில்லை. எல்லை உண்டு என அறிவது ஒன்று. எல்லைக்கல் நிற்கும் இடத்தைக் காட்டுவது மற்றொன்று.

எல்லையைக் காட்ட முயல்பவர் சில பிடிவாதமான எண்களைச் சந்திக்க நேரும். வர்க்கங்களில் 7 அத்தகையது. 4 + 1 + 1 + 1 என நான்கு வர்க்கங்கள் இன்றி அது அமையாது. கனங்களில் 23 அத்தகையது. 3இன் கனம் 27. அது 23ஐவிடப் பெரிது. ஆகவே 8, 1 ஆகிய கனங்களை மட்டுமே கொண்டு 23ஐ அடைய வேண்டும். 8ஐ இருமுறையும் 1ஐ ஏழு முறையும் கூட்ட, ஒன்பது கனங்கள் தேவைப்படும். இவ்வாறே நான்காம் அடுக்குக்கு 79 என்னும் எண் 19 அடுக்குகளையும், ஐந்தாம் அடுக்குக்கு 223 என்னும் எண் 37 அடுக்குகளையும், ஆறாம் அடுக்குக்கு 703 என்னும் எண் 73 அடுக்குகளையும் கேட்டு நிற்கும்.

7, 23, 79, 223 என்னும் நான்கும் பகா எண்கள். அடுத்ததும் பகா எண்ணே என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் 703 என்பது 19, 37 ஆகியவற்றின் பெருக்கம். எண்கள் இங்கும் அதே பாடத்தைச் சொல்கின்றன.

இப்பிடிவாதமான எண்கள் கேட்கும் அளவைவிடக் கூடுதலாக வேறு எந்த எண்ணும் கேட்காது என்று நிறுவுவதே கடினமான பணி. எண்ணற்ற எண்களுள் ஒன்றுகூடத் தப்பாமல் அனைத்துக்கும் பொருந்தும் நிரூபணம் அதற்கு வேண்டும். 1935, 1936ஆம் ஆண்டுகளில் உயர் அடுக்குகளுக்கான அந்நிரூபணத்தைப் பிள்ளை கண்டடைந்தார். ஒரு சிறு நிபந்தனை நிறைவேறும்போது அடுக்கின் எல்லையைத் தரும் வாய்பாடு சரியே என்பதை அவர் காட்டினார். இதுவரை சரிபார்க்கப்பட்ட எந்த அடுக்கும் அந்நிபந்தனையை மீறவில்லை. ஆயினும் எந்த அடுக்கும் மீறாது என்பதற்கு நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்க அறிஞர் லியோனார்டு டிக்சனும் தனியே உழைத்து இம்முடிவை அடைந்தார்.

டிக்சன் சிகாகோவில் பெரிய ஆய்வுக்கூட்டத்தின் நடுவே இருந்தவர். பிள்ளையோ சிதம்பரத்தில் வகுப்புகளை நடத்திக்கொண்டே ஆராய்ந்தவர். தம் கட்டுரைகளைப் பெரும்பாலும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் வெளியிட்டார். அவ்விதழ்கள் மேலை நாட்டவர் பலரின் கைக்கு எளிதில் எட்டாதவை. அதனால் அவரது வெற்றி உலகிற்கு மெதுவாகவே தெரிய வந்தது. அதற்காக அவர் பணி நிற்கவில்லை. உயர் அடுக்குகளுக்கான முறைகளுக்கு அடங்காமல் 4, 5, 6 ஆகிய அடுக்குகள் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஆறாம் அடுக்கை எடுத்துக்கொண்டு, 73 போதும் என்பதை 1940இல் நிறுவினார். இராமானுசனுக்குப் பின் இந்தியக் கணிதத்தில் நிகழ்ந்த மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்றாக வாரிங் சிக்கலில் அவர் செய்த பணி மதிக்கப்படுகிறது.

எஞ்சிய இரண்டும் எவ்வளவு அரியவை என்பதைப் பின்வந்த வரலாறு காட்டும். ஐந்தாம் அடுக்கைச் சீன அறிஞர் சென் சிங்ருன் 1964இல் முடித்தார். நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது. அதனை முடித்த மூவருள் ஒருவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியன்.

பதினாறும் பதினேழும்

1940ஐ ஒட்டிய காலத்தில் பிள்ளை மற்றோர் அழகிய உண்மையையும் கண்டார். இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லையெனில் அவை சார்பகா எண்கள் எனப்படும். அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் மற்ற அனைத்தோடும் சார்பகாவாக அமையும் எண் ஒன்றேனும் இருக்குமா? எடுத்துக்கொள்ளும் எண்கள் பதினாறு வரை இருந்தால், எங்கே தொடங்கினாலும் அத்தகைய எண் ஒன்று உண்டு என அவர் நிறுவினார். பதினேழு எண்களை எடுத்தால் இவ்வுண்மை உடைந்துவிடும். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களுள் எதுவும் தனித்து நிற்பதில்லை. 2189க்கும் 2200க்கும் 11 பொதுக்காரணி. 2191க்கும் 2184க்கும் 7 பொதுக்காரணி. 2197க்கும் 2184க்கும் 13 பொதுக்காரணி. ஒவ்வோர் எண்ணும் வேறோர் எண்ணோடு கைகோத்தே நிற்கிறது.

ஏழு முறை மெய்யாகி எட்டாம் முறை பொய்த்த விதியைக் கண்டவர், பதினாறு வரை மெய்யாகிப் பதினேழில் பொய்க்கும் விதியைத் தாமே அளந்து காட்டினார். விதி எங்கே நிற்கிறது என்பதோடு எங்கே முடிகிறது என்பதையும் அறிந்தால்தான் அறிவு நிறைவு பெறும்.

நிறைவுறாத பயணம்

1941இல் பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஓராண்டுக்குப் பின் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அழைத்தவர் பேராசிரியர் லெவி. ஜெர்மனியில் யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையால் நாடு நீங்கி இந்தியாவில் அடைக்கலம் புகுந்த கணித அறிஞர் அவர். கொல்கத்தாவிலும் பிள்ளையின் ஆராய்ச்சி தொடர்ந்தது.

வர்க்கம், கனம் முதலான முழு அடுக்கு எண்களுக்கு இடையிலான இடைவெளியைப் பற்றி அவர் கூறிய ஊகம் புகழ்பெற்றது. 8, 9 ஆகியவை அடுத்தடுத்து வரும் அடுக்கு எண்கள்; 8 என்பது 2இன் கனம், 9 என்பது 3இன் வர்க்கம். இவ்விரண்டைத் தவிர அடுத்தடுத்து வரும் அடுக்கு எண்கள் வேறு இல்லை என்பது கற்றலான் என்னும் அறிஞரின் பழைய ஊகம். பிள்ளை இதனை விரிவாக்கினார். எந்த இடைவெளியை எடுத்துக்கொண்டாலும், அந்த இடைவெளியில் நிற்கும் அடுக்கு எண் இணைகள் ஓர் எல்லைக்கு உட்பட்டவையே என்றார். கற்றலானின் ஊகம் 2002இல் மெய்யென நிறுவப்பட்டது. பிள்ளையின் ஊகம் இன்றும் நிரூபணத்துக்குக் காத்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடைபெற்ற முதல் பன்னாட்டுக் கணித அறிஞர் மாநாடு 1950இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கூடியது. அதில் பங்கேற்கவும், பின்னர் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராயவும் பிள்ளைக்கு வாய்ப்புக் கிட்டியது. ஐன்ஸ்டைன் முதலானோர் இருந்த நிறுவனம் அது. இந்திய இதழ்களின் பக்கங்களுக்குள் இருந்த தம் பணியை உலக அறிஞர் நடுவே எடுத்துரைக்கும் காலம் கனிந்து வந்தது.

அவர் அமெரிக்காவை அடையவில்லை. 1950 ஆகஸ்டு 31 அன்று, எகிப்து நாட்டின் கெய்ரோவிலிருந்து ரோம் நோக்கிப் புறப்பட்ட விமானம் சிறிது நேரத்தில் பாலைநிலத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 55 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் பிள்ளையும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 49. மாநாடு தொடங்கி ஒரு நாளே ஆகியிருந்தது.

நிலைத்து நிற்பவை

பிள்ளையின் கட்டுரைகள் அனைத்தும் திரட்டப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் 2010இல் தொகுப்பாக வெளிவந்தன. எங்கோ பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தவை, உலகெங்கும் உள்ள ஆய்வாளர் கைக்கு எட்டின.

பெரிய பகா எண்கள் வணிகத்துக்கும் வங்கிக்கும் காவலாகும் என்று பிள்ளை எண்ணியிருக்க வழியில்லை. மறைச்செய்திக்குப் பகா எண்களைப் பயன்படுத்தும் புகழ்பெற்ற முறை அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1977இல்தான் உருவாயிற்று. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்தைக் கண்டு அவ்விரண்டையும் பிரிப்பது மிகக் கடிது என்பதே அம்முறையின் அடிப்படை. 19, 37 ஆகியவற்றைப் பெருக்கி 703 என எழுத ஒரு நொடி போதும். 703ஐக் கண்டு அவ்விரண்டையும் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். இலக்கங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது அந்தச் சற்று நேரம் மனித வாழ்நாளையும் கடந்துவிடும். பயனை எதிர்பாராமல் எண்களின் இயல்பை அறிய முயன்ற அறிஞர் பலரின் உழைப்பின்மேல்தான் இத்தகைய பயன்கள் எழுந்து நிற்கின்றன.

தாயையும் தந்தையையும் இழந்த சிறுவனை ஓர் ஆசிரியரின் கை தாங்கியது. அச்சிறுவன் வளர்ந்து, 1770இல் எழுதப்பட்ட ஒரு பக்கத்துக்குச் சிதம்பரத்தில் இருந்து விடை எழுதினார். அவர் எழுப்பிய வினாக்களுள் சிலவற்றுக்கு அவரே விடை கண்டார். ஒன்றுக்கு 23 என்னும் சிறிய எண் மறுப்புச் சொன்னது. மற்றொன்று இன்னும் விடையின்றி நிற்கிறது. விடை தெரியாத அவ்வினாவை ஏற்று நடக்க, கணிதம் பயிலும் ஒவ்வொரு மாணவருக்கும் வழி திறந்தே இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. 9! + 1 = 362881. இவ்வெண்ணின் பகாக் காரணிகளைக் கண்டறிந்து, பிள்ளை எழுப்பிய வினாவில் உள்ள விதி இங்குப் பொருந்துகிறதா எனச் சோதித்து வகுப்பில் விளக்குக.
2. 23ஐப் போலவே ஒன்பது கனங்களைக் கேட்கும் மற்றோர் எண் 239. அதனை ஒன்பது கனங்களின் கூடுதலாக எழுதிக் காட்டுக.
3. 'தவறாக முடிந்த வினாவும் அறிவை வளர்க்கும்' என்னும் கருத்தைப் பிள்ளையின் வாழ்வு வழி நின்று ஒரு பக்க அளவில் எழுதுக.